பத்திரத்தில் எழுதிக் கொடுத்தால் விவாகரத்து ஆகிவிடுமா? பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு நீதிமன்றத்தில் என்ன நடைமுறை?

"ஊர்ப் பெரியவங்க முன்னாடி எழுதி கையெழுத்துப் போட்டாச்சு. நகை, பாத்திரம் எல்லாம் திருப்பிக் கொடுத்தாச்சு. அப்புறம் கோர்ட்டு எதுக்கு?"

தமிழ்நாட்டு கிராமங்களில் இன்றும் கேட்கும் கேள்வி இது. முத்திரைத்தாள் வாங்கி, 'இன்று முதல் எங்களுக்குள் எந்த உறவும் இல்லை, அவரவர் விருப்பப்படி மறுமணம் செய்துகொள்ளலாம்' என்று எழுதி, இரண்டு பக்கமும் சாட்சிக் கையெழுத்து வாங்கிவிட்டால் 'அத்துவிட்டாச்சு' என்று பலரும் நினைக்கிறார்கள். நோட்டரி முத்திரையும் விழுந்துவிட்டால் சந்தேகமே வருவதில்லை. ஆனால் சட்டத்தின் பார்வையில் அந்த இருவரும் அன்றைக்கும் கணவன் மனைவிதான்.

சிக்கல் சில வருடங்கள் கழித்துதான் வெளியே வரும். பத்திரத்தை நம்பி இருவரில் ஒருவர் மறுமணம் செய்தால் அந்தத் திருமணம் செல்லாது. புகார் வந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 82வது பிரிவில் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். முதல் திருமணத்தை மறைத்து மறுமணம் செய்திருந்தால் அது 10 ஆண்டு வரை போகும். குடும்ப ஓய்வூதியம், வாரிசுச் சான்று என்று அலுவலகம் அலுவலகமாக அலையும்போது, 'விவாகரத்து தீர்ப்பு நகல் எங்கே?' என்றுதான் கேட்பார்கள். இதில் அதிகம் மாட்டிக்கொள்வது, எதுவும் தெரியாமல் இரண்டாவதாக வாழ்க்கைப்பட்டு வந்த பெண்தான்.

'எங்க சமூகத்துல இதுதான் வழக்கம்' என்று சொன்னால் செல்லுமா?

ஒரு சின்ன வழி இருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு, ஒரு சமூகத்தில் காலங்காலமாக இருக்கும் விவாகரத்து வழக்கத்தை ஏற்கிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் உண்மையிலேயே இருந்தது என்பதை நீதிமன்றத்தில் குறிப்பிட்டுச் சொல்லி, சாட்சியத்தோடு நிரூபிக்க வேண்டும். யமனாஜி ஜாதவ் - நிர்மலா வழக்கில் 2002ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. பெரியவர்கள் நாலு பேர் கையெழுத்துப் போட்டதாலேயே அது 'வழக்கம்' ஆகிவிடாது. கோர்ட்டைத் தவிர்க்க எழுதிய பத்திரத்தை நிரூபிக்க, கடைசியில் அதே கோர்ட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

மனு எங்கே போடுவது?

சிதம்பரத்துக்கும் புவனகிரிக்கும் இடையே இருக்கும் கீரப்பாளையத்தை எடுத்துக்கொள்வோம். பெண்ணுக்கு சொந்த ஊர் கீரப்பாளையம். திருமணம் சிதம்பரத்தில் ஒரு மண்டபத்தில். கணவர் வீடு விருத்தாசலம் பக்கம். இருவரும் கடைசியாகக் குடித்தனம் இருந்தது திருப்பூரில். இப்போது பெண் அம்மா வீட்டில் இருக்கிறார். இவர்கள் திருப்பூருக்கு அலைய வேண்டுமா?

அவசியமில்லை. சட்டத்தின் 19வது பிரிவின்படி திருமணம் நடந்த இடம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் ஆகிய எல்லைக்குள் வரும் நீதிமன்றத்தில் மனு போடலாம். மனைவி மனுதாரர் என்றால் அவர் இப்போது வசிக்கும் இடத்திலும் போடலாம். இந்த வசதி 2003ல் செய்த திருத்தத்தால் வந்தது. சிதம்பரம் பகுதி வழக்குகள் சிதம்பரம் சார்பு நீதிமன்றத்துக்குப் போகின்றன. கடலூரில் குடும்பநல நீதிமன்றம் இருக்கிறது. எந்த ஊர் எந்த நீதிமன்ற எல்லையில் வருகிறது என்பதை மனு போடும் முன் வழக்கறிஞரிடமோ நீதிமன்ற அலுவலகத்திலோ கேட்டுக்கொள்வது நல்லது. தப்பான இடத்தில் போட்ட மனு திரும்பி வந்தால் மாதங்கள் வீணாகும்.

சட்டம் கேட்பது என்ன?

1955ல் வந்த இந்து திருமணச் சட்டத்தில் பரஸ்பர சம்மத விவாகரத்தே கிடையாது. சட்டம் சொன்ன காரணம் ஒன்றைக் காட்டி நிரூபித்தால்தான் விடுதலை. 1976ல் நடந்த திருத்தத்தில்தான் 13பி பிரிவு சேர்ந்தது. அதாவது 'யார் மேல தப்பு' என்று கோர்ட்டில் பேசாமலேயே பிரிய வழி கிடைத்து 50 ஆண்டுகள்தான் ஆகின்றன.

பக்கத்தில் இலங்கையின் பொதுச் சட்டத்தில் இன்றும் இந்த வழி இல்லை. அங்கே கண்டிச் சட்டத்தில் திருமணம் செய்தவர்கள் சம்மதத்தின் பேரில் பிரியலாம். பொதுச் சட்டத்தில் பதிவு செய்த தமிழ்த் தம்பதி ஏதாவது ஒரு குற்றத்தைக் காட்டித்தான் ஆக வேண்டும்.

இங்கே 13பி கேட்பவை மூன்று. ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். சேர்ந்து வாழ முடியாத நிலை இருக்க வேண்டும். இருவரும் பிரிவதற்கு ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். 'பிரிந்து' என்றால் தனித்தனி வீடு என்று அர்த்தமில்லை. ஒரே கூரைக்குக் கீழ் இருந்தும் கணவன் மனைவியாக வாழாவிட்டால் அதுவும் பிரிந்து வாழ்வதுதான் என்று 1991ல் சுரேஷ்டா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கம் சொன்னது. வாடகைக்கு இன்னொரு வீடு பார்க்க வழியில்லாதவர்களுக்கு இது பெரிய விஷயம்.

இருவரும் சேர்ந்து ஒரே மனுவாகப் போட வேண்டும். திருமணப் பதிவுச் சான்று (இல்லாவிட்டால் அழைப்பிதழ், திருமணப் புகைப்படம்), முகவரிச் சான்றுகள், குழந்தை இருந்தால் பிறப்புச் சான்று ஆகியவற்றை இணைப்பார்கள்.

ஆறு மாதக் காத்திருப்பு ஏன்?

மனு போட்ட உடனே தீர்ப்பு வராது. ஆறு மாதம் கழித்து இருவரும் மறுபடி நீதிபதி முன் வந்து, 'இப்பவும் எங்களுக்கு சம்மதம்தான்' என்று சொல்ல வேண்டும். இதைத்தான் இரண்டாவது கோரிக்கை என்கிறார்கள். மனு போட்ட நாளில் இருந்து 18 மாதத்துக்குள் இது நடக்க வேண்டும். இசையமைப்பாளர் ஜி.வி. பிரகாஷ், பாடகி சைந்தவி இருவரும் சென்னையில் 2025 மார்ச்சில் மனு போட்டு, செப்டம்பர் இறுதியில் விவாகரத்து பெற்றது இந்தக் கணக்கில்தான்.

கோபத்தில் எடுத்த முடிவாக இருந்தால் ஆறு மாதத்தில் மனசு மாறலாம் என்பது சட்டம் இயற்றியவர்களின் எண்ணம். ஆனால் ஏற்கெனவே மூன்று, நான்கு வருடம் பிரிந்து வாழ்பவர்களை மறுபடி காத்திருக்கச் சொல்வதில் என்ன பலன்? அமர்தீப் சிங் - ஹர்வீன் கவுர் வழக்கில் 2017 செப்டம்பர் 12ம் தேதி உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொன்னது. ஆறு மாதம் கட்டாயம் இல்லை. மனு போடும் முன்பே ஒன்றரை வருடம் பிரிந்திருந்து, சமரச முயற்சி தோற்று, ஜீவனாம்சம், குழந்தைப் பொறுப்பு எல்லாம் பேசி முடிந்திருந்தால், முதல் மனு போட்டு ஒரு வாரம் கழித்து விலக்கு கேட்கலாம். கொடுப்பதும் மறுப்பதும் நீதிபதியின் விருப்புரிமை.

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களுக்கும் இதே தீர்ப்பு உதவும். நேரில் வர முடியாதவர் காணொலி வழியாக ஆஜராகலாம், பெற்றோர் அல்லது உடன்பிறந்தவர் சார்பில் வரலாம் என்று நீதிமன்றம் அனுமதிக்க இடம் உண்டு.

கையெழுத்துப் போட்ட பிறகு மனசு மாறினால்?

பலருக்குத் தெரியாத இடம் இது. தீர்ப்பு வரும் நாள் வரை சம்மதத்தை ஒருவர் வாபஸ் வாங்கலாம். மற்றவர் எவ்வளவு கேட்டாலும் நீதிமன்றம் பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து கொடுக்க முடியாது. ஒருவர் வராமல் இருந்தாலே சம்மதம் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது என்று 2009ல் ஸ்ம்ருதி பஹாரியா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கிய சம்மதம் இல்லை என்று நீதிபதி திருப்தி அடைய வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. பஞ்சாயத்தில் சொந்தக்காரர்கள் நெருக்கிக் கையெழுத்து வாங்கியிருந்தால், 'எனக்கு விருப்பமில்லை' என்று ஒரு பெண் தைரியமாகச் சொல்லக்கூடிய இடம் அந்தக் கூண்டுதான்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. முழுப் பணத்தையும் முதலிலேயே கொடுத்துவிட்டு, எதிர்த்தரப்பு பின்வாங்கினால் என்ன செய்வது? அதனால்தான் ஒரு பகுதியை மனு போடும்போதும், மீதியை இரண்டாவது கோரிக்கை அன்று நீதிபதி முன்னிலையில் டி.டி.யாகவும் கொடுப்பதாக ஒப்பந்தம் எழுதுகிறார்கள்.

அந்த ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை ஜீவனாம்சத் தொகையோடு முடிவதில்லை. பெண்ணுக்குப் போட்ட நகை, சீர்ப் பொருட்கள், கணவர் வீட்டில் மாட்டிக்கொண்ட படிப்புச் சான்றிதழ், இரண்டு பேர் பெயரில் இருக்கும் கடன் எல்லாம் வர வேண்டும். சீதனம் முழுக்க முழுக்கப் பெண்ணின் சொத்து என்று 1985லேயே பிரதிபா ராணி வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுப்பதை ஜீவனாம்சக் கணக்கில் சேர்க்க யாராவது பேசினால் ஏமாற வேண்டாம். குழந்தை யாரிடம், மாதம் எத்தனை நாள் மற்றவர் பார்க்கலாம், பள்ளிக் கட்டணம் யார் கட்டுவது என்பதையும் வரி வரியாக எழுத வேண்டும். 'எனக்கு எதுவும் வேண்டாம்' என்று அம்மா எழுதிக் கொடுத்தாலும் குழந்தையின் பராமரிப்பு உரிமை அதோடு போய்விடாது.

மகளிர் காவல் நிலையத்தில் வரதட்சணைக் கொடுமை வழக்குப் பதிவாகியிருந்தால் அது விவாகரத்தோடு தானாக முடியாது. சமரசம் ஆன பிறகு, அதை ரத்து செய்ய உயர் நீதிமன்றத்தில் தனியாக மனு போட வேண்டும். இந்த ஒரு வரியை ஒப்பந்தத்தில் விட்டுவிட்டு, பிறகு பாஸ்போர்ட் நேரத்தில் தவிப்பவர்கள் உண்டு.

மற்ற மதத்தினருக்கு?

கிறிஸ்தவர்களுக்கு 1869ம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தில் 2001ல் சேர்த்த 10ஏ பிரிவு இருக்கிறது. அதில் இரண்டு வருடம் பிரிந்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 2010ல் அதை ஒரு வருடமாகப் படிக்க வேண்டும் என்றது. முஸ்லிம் சட்டத்தில் 'முபாரத்' என்பது இருவர் சம்மதத்தில் பிரிவது. மதம் மாறித் திருமணம் செய்யாமல் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கு 28வது பிரிவு.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லாவிட்டால்?

பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கொடுக்க 1987ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12வது பிரிவு சொல்கிறது. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. வட்டச் சட்டப் பணிகள் குழுவில் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தாலே போதும். 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். தீர்ப்பு வந்த பிறகு, நீதிமன்ற முத்திரையுடன் சான்றிட்ட நகல் இரண்டு வாங்கி, ஆளுக்கொன்று வைத்துக்கொள்ள வேண்டும்.