பல்வலியும் சாந்தம் தரும் மருந்தும்

குளுவாங் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் பல்வலி கண்ட நம்மவர்கள், சொத்தைக் குழியில் ஒரு கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டே பால்மரம் வெட்டப் போன காலம் உண்டு. கிராம்பிலுள்ள யூஜெனால் என்னும் தைலச்சத்து நரம்பின் நுனியையே மரத்துப்போகச் செய்யும். ஜொகூர் பாருவின் சுல்தானா அமினா மருத்துவமனை போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளில், சிகிச்சைக்கு அஞ்சி நடுங்குவோரின் இரத்தக்குழாயில் சில மில்லிகிராம் அளவே செலுத்தும் மிடாசோலாம் என்னும் சாந்தமருந்தின் காரியம் முற்றிலும் வேறு.

பல்லின் நடுவே உள்ள கூழிலிருந்து சுரீரென்ற குத்தலை விரைந்த நார்களும், விண்விண்ணென்ற தெறிப்பை மந்தமான நார்களும் முக்கிளை நரம்பின் வழியே மூளைத்தண்டுக்கும், அங்கிருந்து தலாமஸுக்கும் ஏற்றிச் செல்ல, அதன்பின் பாதை பிரிகிறது: ஒரு கிளை, வலி எந்த இடத்தில், எவ்வளவு என்று அறியும் மேற்புறணிக்குப் போகிறது, மற்றவை, அதை வேதனையாகவும் பீதியாகவும் ஆக்குகின்ற உட்பகுதிகளுக்குப் போகின்றன. காபா என்பது நரம்பணுக்களை அடக்குவதற்கு மூளை தானே சுரக்கும் ரசாயனம். அதன் ஏற்பியில் மிடாசோலாம் ஒட்டிக்கொள்ள, குளோரைடு வாயில் அடிக்கடி திறந்து, அணுவின் கிளர்ச்சி தணிகிறது. பயம் விளையும் அமிக்டலாவும் ஞாபகம் பதியும் ஹிப்போகாம்பஸும் இவ்வாறு அமைதியடைகின்றனவே தவிர, பல்லிலிருந்து புறப்பட்ட செய்தி தடைபடுவதில்லை.

ஆகவே, சோடியம் வாயில்களை அடைத்து நரம்பையே மௌனமாக்கும் லிக்னோகெயின் ஊசி அவசியமே. ஊசி போதாமற்போனால், நோயாளி பின்னர் எதையும் நினைவுகூராவிட்டாலும், அந்த வேளையில் அவருடைய நாடி விரைவதும் முகம் சுளிப்பதும் அவர் துன்புற்றதற்குச் சாட்சி. மறந்துவிட்ட வலியை வலியன்று என்று தள்ளுவது பெரும் அநீதி என்றே கருதுகிறேன்.

1844-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் வைத்தியர் நைட்ரஸ் ஆக்ஸைடை முகர்ந்து தம் பல்லையே பிடுங்கச் செய்தார். அந்த வாயு, மூளையின் சொந்த அபின் போன்ற பொருள்களைத் தூண்டி, மேலிருந்து இறங்கும் தடைநரம்புகளை எழுப்புவதால், வலியையும் ஓரளவு குறைக்கவல்லது. மிடாசோலாமுக்கு அந்தச் சக்தி இல்லை.

மிடாசோலாம் மிகுந்தால் சுவாசம் தளரும். எனவேதான் விரலில் பிராணவாயு அளவுமானியை மாட்டி, சிறிது சிறிதாகச் செலுத்தி, மாற்றுமருந்தாகிய புளூமாசெனிலையும் அருகே வைத்திருக்கிறார்கள். மருந்தின் தாக்கம் பல மணி நேரம் நீடிக்குமாதலால், பாலம் கடந்து சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர் அன்று வண்டியைத் தொடாமல், துணைக்கு வந்தவருடன் வீடு திரும்புவதே முறை.