மூட்டம் போட்ட விதை ஏன் சுடுகிறது?

ஊறவைத்த விதைநெல்லை ஈரச் சாக்கில் கட்டி மூட்டம் போடுகிறோம் அல்லவா? மறுநாள் உள்ளே கையை விட்டுப் பாருங்கள், கதகதன்னு இருக்கும். எங்கிருந்து வந்தது இந்தச் சூடு?

முளைக்கருவின் ஒவ்வொரு உயிரணுவிலும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகள் உண்டு. நெல்லின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி வர, காற்றிலுள்ள பிராணவாயுவைக் கொண்டு அதிலிருந்து சக்தியைப் பிரித்து முளைக்குத் தருபவை இவைதாம். அப்போது ஒரு பகுதி சூடாக வெளியேறுகிறது. பிராணவாயு இருந்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்குச் சுமார் 30 ஏ.டி.பி. கிடைக்கும். ஏ.டி.பி. என்பது உயிரணு செலவழிக்கும் சில்லறைக் காசு மாதிரி. பிராணவாயு இல்லாவிட்டால் 2 தான்!

ஆகவே மூட்டையை இறுக்கிக் கட்டாதீர்கள். மேலே கல்லை ஏற்றுகிறவர்களும் உண்டு, வேண்டாம். சூடு மிஞ்சினால் முளை வெந்துபோகும், நாற்றங்காலில் சொட்டை விழும். நடுவில் ஒருமுறை பிரித்துக் கிளறி, தண்ணீர் தெளித்துக் கட்டுங்கள்.