நரம்பு, மூளைத் தூண்டல் சிகிச்சை ஆய்வில் சேருவதற்கு முன்

உங்களுக்குச் சிகிச்சை அளிக்கும் நரம்பியல் மருத்துவர், "ஓர் ஆய்வு நடக்கிறது, சேர விருப்பமா?" என்று கேட்டிருக்கலாம். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும் அப்பாவுக்காகவோ, பக்கவாதத்துக்குப் பிறகு விரல்களை மடக்க முடியாத அம்மாவுக்காகவோ, மருந்துக்கு அடங்காத மனச்சோர்வுக்காக உங்களிடமோ அந்தக் கேள்வி வந்திருக்கலாம். சேருவதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். மறுத்தாலும் உங்களது வழக்கமான சிகிச்சை தொடரும்.

தூண்டல் சிகிச்சை என்றால் என்ன?

மூளையும் நரம்புகளும் சிறு மின்துடிப்புகள் மூலம் செய்தி அனுப்புகின்றன. அந்தத் துடிப்புகளை வெளியிலிருந்தோ உள்ளிருந்தோ மாற்ற முயல்வதே தூண்டல் சிகிச்சை.

வெளியிலிருந்து செய்யும் முறைகளில் காந்தத் தூண்டல் முக்கியமானது. இது 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உருவானது. தலைமேல் ஒரு காந்தச் சுருளை வைப்பார்கள். அறுவை சிகிச்சையோ மயக்க மருந்தோ தேவையில்லை. தலையில் விரலால் தட்டுவதுபோல் இருக்கும். சத்தம் அதிகம் என்பதால் காதை அடைத்துக்கொள்ளத் தருவார்கள். தலைவலி வரலாம். மிக அரிதாக வலிப்பு வரலாம்.

உள்ளிருந்து செய்யும் முறை வேறு. ஆழ்மூளைத் தூண்டலில் மண்டையோட்டில் துளையிட்டு மெல்லிய கம்பியை மூளைக்குள் செலுத்தி, நெஞ்சுத் தோலுக்கு அடியில் பேட்டரி வைப்பார்கள். கழுத்திலுள்ள வேகஸ் நரம்பைத் தூண்டும் சாதனமும் அறுவை சிகிச்சை மூலமே பொருத்தப்படுகிறது. மூளைக்குள் கம்பி செலுத்தும்போது இரத்தக் கசிவும், பொருத்திய இடத்தில் கிருமித் தொற்றும் ஏற்படக்கூடும்.

பார்க்கின்சன் நடுக்கத்துக்கு ஆழ்மூளைத் தூண்டல் இன்று உறுதியான சிகிச்சை. ஆனால் ஒரு நோய்க்குப் பலன் தந்தது இன்னொரு நோய்க்கும் தரும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் ஆய்வு தேவைப்படுகிறது.

உங்களுக்கு உண்மையான தூண்டல் கிடைக்குமா?

கிடைக்காமலும் போகலாம். பலர் புரிந்துகொள்ளாமல் கையெழுத்திடுவது இந்த ஒரு விஷயத்தில்தான். பெரும்பாலான ஆய்வுகளில் பங்கேற்பாளர்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரிப்பார்கள். ஒரு குழுவுக்கு உண்மையான தூண்டல். மற்றதற்குப் போலித் தூண்டல். நீங்கள் எந்தக் குழு என்பது உங்களுக்குத் தெரியாது. பெரும்பாலும் உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவருக்கும் தெரியாது.

பக்கவாதத்தால் கை பலவீனமான 108 பேரிடம் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2021இல் வெளிவந்தது. 108 பேருக்கும் அறுவை சிகிச்சை செய்து வேகஸ் நரம்புச் சாதனம் பொருத்தினார்கள். ஆனால் பாதிப்பேருக்குத்தான் முதலில் உண்மையான தூண்டல் தரப்பட்டது. எல்லாருக்கும் ஒரே கைப்பயிற்சி. மூன்று மாதத்துக்குப் பிறகு பார்த்தபோது, உண்மையான தூண்டல் பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கும், போலித் தூண்டல் பெற்றவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கும் கை நன்கு தேறியிருந்தது. போலிக் குழு இல்லாமல் இருந்தால் அந்தக் கால்வாசியையும் சாதனத்தின் கணக்கில் சேர்த்திருப்பார்கள். போலிக் குழுவினருக்கு உண்மையான தூண்டல் பின்னர் அளிக்கப்பட்டது.

எல்லா ஆய்வும் இப்படி முடிவதில்லை. கடும் மனச்சோர்வுக்கு ஆழ்மூளைத் தூண்டல் உதவுமா என்று அமெரிக்காவில் 90 பேரிடம் செய்த ஆய்வில், ஆறு மாத முடிவில் இரு குழுவுக்கும் தெளிவான வேறுபாடு இல்லை. அவர்கள் எல்லாரும் மூளை அறுவை சிகிச்சைக்கு உட்பட்டவர்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

ஆய்வு முடிந்த பிறகு?

காந்தத் தூண்டல் முடிந்தால் எழுந்து வீட்டுக்குப் போகலாம். உடலுக்குள் பொருத்திய சாதனம் ஆய்வு முடிந்த பின்னும் உள்ளேயே இருக்கும். பேட்டரி சில ஆண்டுகளில் தீரலாம். மாற்ற மறுபடியும் அறுவை சிகிச்சை. கடுமையான தலைவலிக்கான சாதனத்தைத் தயாரித்த ஓர் அமெரிக்க நிறுவனம் 2019இல் மூடப்பட்டபோது, அதைப் பொருத்திக்கொண்ட நூற்றுக்கணக்கானோர் உதவியின்றி நின்றார்கள். ஆகவே கேளுங்கள்: பேட்டரி மாற்றும் செலவு யாருடையது? சாதனத்தை எடுக்க வேண்டுமென்றால் யார் எடுப்பார்கள்? நிறுவனம் மூடப்பட்டால் என்ன ஏற்பாடு? பதில் வாய்மொழியாக இல்லாமல் எழுத்தில் இருக்கட்டும்.

உங்கள் பாதுகாப்புக்கு

சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் நடக்கும் ஆய்வுகள் தேசிய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேட்டில் பதிவாகி, அமைச்சின் மருத்துவ ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற வேண்டும். பெட்டாலிங் ஜெயா மக்களுக்கு அருகிலுள்ள மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குத் தனி நெறிமுறைக் குழு உண்டு. பதிவு எண்ணைக் கேட்பதில் தவறில்லை. ஆய்வுச் சிகிச்சைக்கு உங்களிடமே ஆயிரக்கணக்கான ரிங்கிட் கேட்டால் கையெழுத்திடாதீர்கள். நெறிமுறைக் குழுவை அழைத்து விசாரியுங்கள்.

தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். தமிழில் கேளுங்கள். வீட்டுக்கு எடுத்துச் சென்று நிதானமாகப் படியுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வில் சம்பந்தமில்லாத ஒருவர் சாட்சியாக இருக்க அனைத்தையும் வாசித்து விளக்க வேண்டும். நம் வீடுகளில் பிள்ளைகள் முடிவெடுத்து, "அம்மா, இங்கே கையெழுத்துப் போடுங்க" என்பது வழக்கம். யோசனை சொல்லலாம், சுயமாக முடிவெடுக்கக்கூடிய அம்மாவின் ஒப்புதலை அம்மாதான் தர வேண்டும். இடையில் எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம். சாதனம் பொருத்தியிருந்தால் எப்படிப் பாதுகாப்பாக விலகுவது என்று ஆய்வு மருத்துவரிடம் பேசுங்கள்.

சேருவதற்கு முன் சொல்ல வேண்டியவை

இதயத்தில் பேஸ்மேக்கர், தலையில் உலோகக் கிளிப், காதுக்குள் செவிச் சாதனம், முன்பு வந்த வலிப்பு, கர்ப்பம்: எதையும் மறைக்க வேண்டாம். சித்த மருந்தும் மூலிகைக் கஷாயமும் மருந்துதான், அவற்றையும் சொல்லுங்கள். பார்க்கின்சன் மாத்திரையை நீங்களாகத் திடீரென நிறுத்தக் கூடாது. தைப்பூசத்துக்கு விரதம் இருந்து பத்துமலைக்குக் காவடி எடுக்கும் பழக்கம் இருந்தால் முன்கூட்டியே தெரிவியுங்கள். மாத்திரை நேரம் மாறுவதும், சாதனம் பொருத்திய இடத்தில் காயமோ அழுத்தமோ படுவதும் கவனிக்க வேண்டியவை.

மனச்சோர்வுக்கான காந்தத் தூண்டலுக்கு வாரம் 5 நாள் வீதம் 4 முதல் 6 வாரம் வரச் சொல்லலாம். கிள்ளானிலிருந்து காலையில் ஃபெடரல் நெடுஞ்சாலையில் வருவது என்னவென்று உங்களுக்கே தெரியும். போக்குவரத்துச் செலவு தருவார்களா, முதலாளிக்கு வருகைச் சான்று கிடைக்குமா என்று முதல் நாளே கேளுங்கள்.

கையெழுத்திட்ட படிவத்தின் ஒரு பிரதி உங்களிடம் இருக்க வேண்டும். அதில் ஆய்வு மருத்துவரின் எண்ணும் நெறிமுறைக் குழுவின் எண்ணும் உள்ளனவா என்று பார்த்து, வீட்டில் இன்னொருவருக்கும் அது இருக்கும் இடத்தைச் சொல்லி வையுங்கள்.