இடம் கிடைக்காத கெட்டிக்காரர்கள்

வருஷந்தோறும் வைகாசி, ஆனி மாதங்களில் திருச்சிராப்பள்ளியிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒரு விசித்திரமான வியாதி பரவுகிறது. அதற்கு ஜுரம் கிடையாது, இருமல் கிடையாது. ஆனால் கெட்டிக்காரப் பிள்ளை இருக்கும் வீடாகப் பார்த்துத்தான் அது நுழைகிறது. பிள்ளை வாசற்பக்கம் தலைகாட்டுவதில்லை. தகப்பனார் பத்திரிகையைப் பிரித்து வைத்துக் கொண்டு ஒரே பக்கத்தை அரை மணி நேரம் படிக்கிறார். தாயார் கோயிலுக்குப் போனால், எதிரே தெரிந்தவர்கள் வருவதைக் கண்டதும் வேறு பிராகாரத்தின் வழியாகத் திரும்பி விடுகிறார். அரங்கன் கோயிலுக்கு ஏழு பிராகாரங்கள் அமைந்தது இதற்கும் சௌகரியமாகத்தான் இருக்கிறது!

வியாதிக்குக் காரணம் இதுதான்: பிள்ளை ஆசைப்பட்ட பெரிய கலாசாலையில் இடம் கிடைக்கவில்லை. அது ஐ.ஐ.டி.யாக இருக்கலாம், வைத்தியக் கலாசாலையாக இருக்கலாம். பெயர் வேறானாலும் பெருமூச்சு ஒன்றே.

பள்ளிக்கூடத்தில் முதல் வரிசையில் நின்ற இந்தப் பிள்ளைகளுடன் நாம் பல வருஷங்களாகப் பழகி வருகிறோம். வாசல் மூடிய பிறகு அவர்கள் எங்கே போகிறார்கள், என்ன ஆகிறார்கள் என்பதை நிதானமாகப் பார்த்தால் பெற்றோருக்குப் பயன்படும் என்று நினைக்கிறோம்.

கணக்கு என்ன சொல்கிறது?

2024-ஆம் வருஷத்தில் 'ஜே.இ.இ. அட்வான்ஸ்டு' பரீக்ஷை எழுதியவர்கள் 1,80,200 பேர். நாட்டிலுள்ள 23 ஐ.ஐ.டி.க்களிலும் சேர்ந்து இருந்த இடங்கள் 17,740. அதாவது, ஏறக்குறையப் பத்துப் பேருக்கு ஓர் இடம். அந்தப் பத்துப் பேரும் சாமானியர்கள் அல்ல. லட்சக்கணக்கானவர்கள் எழுதிய முதற் பரீக்ஷையில் சலித்து எடுக்கப்பட்டவர்கள். அதே வருஷத்தில் 'நீட்' எழுதியவர்கள் 23 லட்சத்துக்கு மேல், எம்.பி.பி.எஸ். இடங்களோ லட்சத்துக்குச் சற்று அதிகம்.

கோட்டுக்கு மேலே நின்ற கடைசிப் பிள்ளைக்கும், கீழே நின்ற முதற் பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் பல சமயம் ஒரு கேள்விகூட இராது. ஆனால் ஊரார் கண்ணுக்கு ஒருவன் மேதாவி, மற்றவன் அசடு! பத்துப் பேரில் ஒன்பது பேர் மக்கு என்று சொல்ல எந்த உபாத்தியாயராவது துணிவாரா? நாம் துணிய மாட்டோம்.

எங்கே போகிறார்கள்?

ஐ.ஐ.டி. தவறியவர்களில் முதல் அணி போகும் இடங்களில் ஒன்று நம் ஊர் எல்லையிலேயே இருக்கிறது. தஞ்சாவூர் சாலையில், துவாக்குடியில் 1964-இல் தொடங்கிய பிரதேச இஞ்சினீயரிங் கலாசாலை 2003-இல் என்.ஐ.டி. ஆயிற்று. பாதி இடங்கள் தமிழ்நாட்டு மாணாக்கருக்கு உரியவை. மத்திய சர்க்காரின் 2024-ஆம் வருஷத்துத் தர வரிசையில், இஞ்சினீயரிங் ஸ்தாபனங்களுள் இதற்கு ஒன்பதாவது இடம். முன்னால் நின்ற எட்டும் ஐ.ஐ.டி.க்கள்; பின்னாலும் பல ஐ.ஐ.டி.க்கள் நின்றன. 'இரண்டாந்தரம்' என்று பெயர் சூட்டுவதற்கு முன் இதைக் கவனிக்க வேண்டும்.

அங்கும் இடம் கிடைக்காதவர்களுக்குத் தமிழ்நாட்டின் கவுன்சலிங் இருக்கிறது. 2007 முதல் இதற்குத் தனி நுழைவுப் பரீக்ஷை இல்லை. பன்னிரண்டாம் வகுப்பின் கணித மார்க்கு நூற்றுக்கும், பௌதிகமும் ரஸாயனமும் ஐம்பது ஐம்பதுக்கும், ஆக இருநூறுக்குக் கணக்கிடுகிறார்கள். மூன்று மணி நேரத்தில் தந்திரமான கேள்விகளை விடுவிப்பது ஒரு திறமை. வருஷம் முழுவதும் ஒழுங்காகப் படித்து, படித்ததைத் தெளிவாக எழுதுவது வேறொரு திறமை. முதல் அளவுகோலில் சற்றுக் குறைந்த பிள்ளை இரண்டாவதில் ஓங்கி நிற்பதை நாம் அடிக்கடி பார்க்கிறோம். இவர்கள் கிண்டிக்கும், திருச்சியிலுள்ள அண்ணா சர்வகலாசாலை வளாகத்துக்கும், நல்ல தனியார் கலாசாலைகளுக்கும் போகிறார்கள்.

வைத்தியம் தவறியவர்களில் சிலர் நவலூர் குட்டப்பட்டிலுள்ள விவசாயக் கலாசாலைக்குப் போகிறார்கள். தாயனூரில் தேசிய வாழை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. காவேரிக் கரையில் வாழைக்கு வரும் நோயைத் தீர்ப்பவரும் வைத்தியர்தாமே!

பி.எஸ்ஸி. என்றதும் முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தெப்பக்குளத்துப் பக்கம் ஒருமுறை போய் வரலாம். 1844-இல் நாகப்பட்டினத்தில் பிறந்து 1883-இல் திருச்சிக்குக் குடியேறிய செயின்ட் ஜோசப் கலாசாலை அங்கே நிற்கிறது. ஜி. என். ராமச்சந்திரன் 1942-இல் பௌதிகத்தில் ஆனர்ஸ் முடித்தது இங்கேதான். பின்னர் அவர் சென்னையில் இருந்துகொண்டே, நம் உடம்பின் தோலுக்கும் எலும்புக்கும் வலுத்தரும் 'கொலாஜன்' என்ற புரதம் முப்புரி போல முறுக்கிக் கொண்டிருக்கும் அமைப்பைக் கண்டறிந்தார். 1963-இல் அவர் வெளியிட்ட 'ராமச்சந்திரன் வரைபடம்' இன்றும் உலகமெங்கும் பாடப் புத்தகங்களில் இருக்கிறது. அப்துல் கலாம் 1954-இல் பட்டம் பெற்றதும் இங்கேதான். ஸ்ரீரங்கத்து ரங்கராஜன், அதாவது எழுத்தாளர் சுஜாதா, பௌதிகம் படித்ததும் இங்கேதான். நேஷனல் கலாசாலை 1919 முதலும், பெண்களுக்கான ஹோலி கிராஸ் 1923 முதலும், ஜமால் முகம்மதும் சீதாலட்சுமி ராமஸ்வாமியும் 1951 முதலும், பிஷப் ஹீபர் 1966 முதலும் இந்த நகரத்தில் பட்டதாரிகளை உருவாக்கி வருகின்றன.

வாசலும் ஒரே தடவைதான் திறக்கும் என்பதில்லை. பி.எஸ்ஸி. முடித்தவர் 'ஜாம்' பரீக்ஷை எழுதி ஐ.ஐ.டி.யிலேயே எம்.எஸ்ஸி. சேரலாம், பி.இ. முடித்தவர் 'கேட்' எழுதி எம்.டெக். சேரலாம். மோகனூரில் படித்த என். சந்திரசேகரன் கோயமுத்தூரில் பி.எஸ்ஸி. முடித்து, பிறகு திருச்சியின் பிரதேச இஞ்சினீயரிங் கலாசாலையில் 1986-இல் எம்.சி.ஏ. பட்டம் பெற்றார். 2017-இல் டாட்டா ஸன்ஸ் நிறுவனத்துக்குத் தலைவரானார்.

மூடிய வாசலும் திறந்த வாசலும்

ஸ்ரீரங்கத்துக்கு அடுத்த திருவானைக்காவில் 1888-இல் பிறந்த சி. வி. ராமனுக்கும் ஒரு வாசல் மூடியது. மேற்படிப்புக்கு இங்கிலாந்து போகவேண்டியவரை, அந்தச் சீதோஷ்ணத்தை உடம்பு தாங்காது என்று சென்னையில் வைத்தியர் தடுத்துவிட்டார். ராமன் 1907-இல் கல்கத்தாவில் கணக்கு இலாகா உத்தியோகஸ்தர் ஆனார். ஆனால் உத்தியோகத்தோடு அவர் நிற்கவில்லை. மஹேந்திரலால் ஸர்க்கார் 1876-இல் நிறுவிய விஞ்ஞான அபிவிருத்திச் சங்கத்தின் ஆராய்ச்சிசாலைக்குக் காலையிலும் மாலையிலும் போனார். 1928-இல் அங்கே கண்டதற்காக 1930-இல் நோபல் பரிசு வந்தது.

கலாமுக்கு மூடியது கலாசாலை வாசல் அல்ல, ஆகாயப் படையின் வாசல். 1958-இல் டேராடூனில் 25 பேரைப் பரீக்ஷித்து எட்டுப் பேரை எடுத்தார்கள், அவர் ஒன்பதாவது. அவர் மனம் உடைந்ததும், ரிஷிகேசம் போனதும், பின்னர் டில்லியில் ராணுவத் தொழில்நுட்ப இலாகாவில் 250 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் சேர்ந்ததும் அவரே எழுதி வைத்த விஷயங்கள்.

நம் விஷயத்துக்கு மிக நெருங்கிய உதாரணம் சிதம்பரத்தில் 1952-இல் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். அவருக்கு ஐ.ஐ.டி.யிலும் இடம் கிடைக்கவில்லை. வேலூர் கிறிஸ்துவ வைத்தியக் கலாசாலையிலும் கிடைக்கவில்லை. பரோடா சர்வகலாசாலையில் பௌதிகம் படித்து 1971-இல் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். 2009-இல் ரஸாயனத்துக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றார். அவர் சேர்ந்த சமயத்தில் பரோடாவின் பௌதிகப் பகுதி, அமெரிக்காவின் பெர்க்லி சர்வகலாசாலைப் பாடத்திட்டத்தை ஒட்டிப் புதிதாகப் பாடம் நடத்தத் தொடங்கியிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வாசற் பலகையில் இருந்த பெயர் சிறியது. உள்ளே நடந்த பாடம் பெரியது.

மூன்று பேரின் கதையிலும் மனோதைரியத்தோடு வேறொன்றும் இருக்கிறது. ராமனுக்கு ஓர் ஆராய்ச்சிசாலை கிடைத்தது. வெங்கிக்கு நல்ல பாடம் கிடைத்தது. கலாமுக்குத் திருச்சியில் சின்னதுரை, கிருஷ்ணமூர்த்தி போன்ற பௌதிக ஆசிரியர்கள் ஏற்கனவே கிடைத்திருந்தார்கள். 'திறமை இருந்தால் எங்கும் முன்னுக்கு வரலாம்' என்று சொல்லிவிட்டுச் சும்மா இருப்பது பாதி உண்மைதான். திறமைக்கு உணவு வேண்டும்.

யாருக்கு நஷ்டம்?

அமெரிக்காவில் ஸ்டேஸி டேல், ஆலன் க்ரூகர் என்ற இருவர் இதை ஆராய்ந்து 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். 1976-இல் கலாசாலை சேர்ந்தவர்களின் பிற்காலச் சம்பளத்தைப் பார்த்தார்கள். திறமையிலும் ஆசையிலும் ஒத்த மாணாக்கர்களில், மிகப் பெயர் பெற்ற கலாசாலைக்குப் போனவருக்கும் போகாதவருக்கும் சராசரிச் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்று கண்டார்கள். பெற்றோர் பெருமூச்சை நிறுத்தலாம்!

ஆனால் முழுவதும் நிறுத்துவதற்கில்லை. அதே ஆராய்ச்சியில் ஒரு விலக்கு இருந்தது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கலாசாலையின் தரம் பிற்கால வருமானத்தைக் கணிசமாக உயர்த்தியது. அதிகம் படிக்காத பெற்றோரின் பிள்ளைகளுக்கும் அவ்வாறே என்று அவர்களுடைய பிந்திய ஆராய்ச்சி கூறிற்று. 2023-இல் ராஜ் செட்டி முதலியோர் வெளியிட்ட ஆராய்ச்சியும், சராசரி வருமானம் அதிகம் மாறாவிட்டாலும், சமூகத்தின் உச்சிப் படிக்கட்டை அடையும் வாய்ப்பு மிகப் பெரிய கலாசாலையால் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது என்று காட்டிற்று.

அமெரிக்காவின் கணக்கு நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது. எனினும் காரணம் நமக்குப் புரியாததல்ல. வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கு எந்தக் காலேஜானாலும் மாமா ஒருவர் வழி சொல்வார்; சித்தப்பா ஒருவர் கடிதம் கொடுப்பார். லால்குடிப் பக்கத்திலிருந்து முதன்முதலாகப் படிக்க வரும் குடியானவர் வீட்டுப் பிள்ளைக்கு மாமாவும் சித்தப்பாவும் அந்தக் கலாசாலைதான். ஆகவே, 'எங்கே படித்தால் என்ன?' என்ற வேதாந்தத்தை வசதியுள்ளவர் தமக்குச் சொல்லிக் கொள்ளலாம். வசதியற்றவருக்கு உபதேசம் செய்யக் கூடாது. சர்க்கார் பள்ளி மாணாக்கருக்கு வைத்தியத்தில் 2020 முதலும், இஞ்சினீயரிங் முதலிய தொழிற்படிப்புகளில் 2021 முதலும் நூற்றுக்கு ஏழரை இடம் ஒதுக்கியதன் நியாயம் இங்கேதான் விளங்குகிறது.

பெண் குழந்தைகளின் விஷயம் இன்னொன்று. பையனுக்கு இடம் தவறினால் ராஜஸ்தானத்துக் கோட்டா நகருக்குக்கூட அனுப்பிப் பயிற்சி கொடுக்கிறார்கள். பெண்ணுக்குத் தவறினால், 'பக்கத்திலேயே ஏதாவது படிக்கட்டும்' என்கிறார்கள். பக்கத்தில் படிப்பதில் குற்றமில்லை. நம் ஊர்ப் பெண்கள் கலாசாலைகள் எதற்கும் குறைந்தவை அல்ல. 'ஏதாவது' என்பதில்தான் குற்றம் இருக்கிறது. மார்க்கு ஒன்றாக இருக்கும்போது யோசனை இரண்டாக இருப்பானேன்?

இன்னொரு வருஷம் வேண்டுமா?

'ஒரு வருஷம் வீட்டிலிருந்து மறுபடியும் எழுதட்டும்' என்பது இப்போது அநேக வீடுகளில் முதல் யோசனையாகிவிட்டது. 'அட்வான்ஸ்டு' பரீக்ஷையை அடுத்தடுத்த இரண்டு வருஷங்களில் இரண்டு தடவைதான் எழுத முடியும். 'நீட்' பரீக்ஷைக்கு அப்படி வரம்பில்லை. வரம்பில்லாததே சிலருக்கு ஆபத்தாகி, வருஷங்கள் ஓடிவிடுகின்றன. பிள்ளையே மனப்பூர்வமாக விரும்பினால், கோட்டுக்கு மிக அருகில் வந்திருந்தால், குடும்பம் கடன்படாமல் தாங்குமானால், ஒரு வருஷம் கொடுக்கலாம். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம் என்பது நம் அபிப்பிராயம். பெற்றோருடைய ஆசைக்காகப் பிள்ளையை அறைக்குள் அடைப்பது கூடவே கூடாது. 2023-இல் கோட்டாவிலிருந்து வந்த துயரச் செய்திகளைப் படித்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. எந்தக் கலாசாலையும் ஒரு குழந்தையின் உயிருக்கு ஈடாகாது.

கேட்கவேண்டிய கேள்விகள்

இரண்டாவது கலாசாலையைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். விளம்பரத்தை நம்பவும் வேண்டாம். ஒருநாள் நேரில் போய்ச் சில கேள்விகள் கேளுங்கள். முதல் வருஷத்துக்குப் பாடம் நடத்துகிறவர் யார்? அவர் எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறார்? புஸ்தகசாலை மாலையில் திறந்திருக்கிறதா? சோதனைச்சாலையில் மாணாக்கர் தாமே கருவியைத் தொடுகிறார்களா, தூர நின்று பார்க்கிறார்களா? சென்ற வருஷம் முடித்தவர்களில் மேற்படிப்புக்குப் போனவர்கள் எத்தனை பேர், எங்கே? கடைசி வருஷம் வரை மொத்தச் செலவு என்ன? சேர்ந்திருக்கும் மாணாக்கர் இருவருடன் தனியாகப் பேசிப் பாருங்கள். அவர்கள் ஆசிரியர் ஒருவருடைய பெயரையாவது உற்சாகத்துடன் சொன்னால், அங்கே தாராளமாகச் சேர்க்கலாம்.

சேர்த்த பிறகு வீட்டாருக்கும் ஒரு கடமை இருக்கிறது. 'சரி, அங்கேயாவது போ' என்று நம் வீடுகளில் சொல்கிறார்கள். அந்த 'ஆவது' என்ற சின்னச் சொல்லைப் பிள்ளை நாலு வருஷமும் சுமந்து திரிகிறான். முன் பெஞ்சியில் உட்கார வேண்டியவன் பின் பெஞ்சிக்குப் போய்விடுகிறான். ஆடிப் பதினெட்டுக்கு அம்மா மண்டபத்துப் படித்துறையில் உறவினரெல்லாம் கூடும்போது, அவன் சேர்ந்த கலாசாலையின் பெயரைத் தகப்பனார் தாமே முந்திக்கொண்டு உரக்கச் சொல்லட்டும். செலவில்லாத காரியம் இது. இந்த வருஷம் பல வீடுகளில் மிக அவசியமான காரியமும் இதுதான்.