அன்னை சிலாதேவியை ஆம்பேருக்குக் கொணர்ந்த ஆளுநர்

நவராத்திரி ஒன்பது நாட்களும் கொலு வைத்து அம்பிகையைப் போற்றும் அன்பர்கள், வடநாட்டில் ராஜஸ்தானத்து ஆம்பேர் கோட்டையில் நடைபெறும் நவராத்திரிப் பெருவிழாவையும் அறிந்திருத்தல் நன்று. அங்கே சிலாதேவி என்னும் திருநாமத்துடன் எழுந்தருளியிருப்பவள், மகிடாசுரனை வதைத்த துர்க்கையே ஆவாள். கருங்கல்லால் ஆன அத்திருவுருவை வங்க மண்ணிலிருந்து கொணர்ந்தவர் ராஜா மான்சிங். மொகலாயப் பேரரசின் மாகாண ஆளுநராக விளங்கிய அவரது வரலாறு, பதவியும் பக்தியும் ஒரே வாழ்வில் எவ்வாறு இணைந்தன என்பதைக் காட்டுவதாகும்.

அரண்மனை உறவு

கச்வாகர் என்னும் ராஜபுத்திரக் குலத்தில் 1550ஆம் ஆண்டு பிறந்தவர் மான்சிங். அவருடைய பாட்டனார் ராஜா பார்மல், 1562இல் தம் மகளை அக்பர் பாதுஷாவுக்கு மணமுடித்துக் கொடுத்தார். அவ்வுறவால் கச்வாகர் குடும்பம் பேரரசின் தூண்களுள் ஒன்றாயிற்று. இளமையிலேயே அரசுப் பணியில் சேர்ந்த மான்சிங், 1576இல் ஹல்திகாட்டிப் போரில் மொகலாயப் படைக்குத் தலைமை தாங்கினார். எதிரே நின்றவரோ, அவரைப் போன்றே ராஜபுத்திரரும் இந்துவுமான மேவார் மகாராணா பிரதாப். இதனால் மான்சிங்கைக் குறை கூறுவோர் இன்றும் உளர். அக்குறையை மறைத்து அவர் வரலாற்றைக் கூறுதல் முறையன்று.

காபூல் முதல் வங்கம் வரை

1580களில் காபூலையும், பின்னர் பீகாரையும் ஆண்ட அவர், 1594இல் வங்காளத்தின் ஆளுநரானார். ராஜ்மகால் அவருடைய தலைநகராயிற்று. பீகாரில் இருந்தபோதே ஒரிசா மீது படை நடத்தினார். 1590இல் ஆப்கானியருடன் அவர் செய்த உடன்படிக்கையால் பூரி ஜகந்நாதர் ஆலயமும் அதன் சுற்றுப்புறமும் பேரரசின் பொறுப்பில் வந்தன. 1592இல் ஆப்கானியர் அவ்வுடன்படிக்கையை மீறவே, மீண்டும் படையெடுத்து அவர்களை வென்றார்.

அதே 1590ஆம் ஆண்டில், பிருந்தாவனத்தில் செம்மணற்கல்லால் கோவிந்த தேவர் திருக்கோயிலை எழுப்பினார். சைதன்ய மகாபிரபுவின் சீடரான ரூப கோஸ்வாமி வழிபட்ட கண்ணபிரானுக்கு அமைந்த மாளிகை அது.

அக்பர் வகுத்த தீன் இலாஹி நெறியில் சேருமாறு அழைக்கப்பட்டபோது மான்சிங் அளித்த மறுமொழியை, அக்கால வரலாற்றாசிரியர் பதாயூனி குறித்துள்ளார். தாம் ஓர் இந்து. மன்னர் ஆணையிட்டால் முஸ்லிம் ஆகலாம். இவ்விரண்டன்றி மூன்றாவது வழியொன்றைத் தாம் அறியார் என்பதே அம்மறுமொழியின் பொருள். அவர் புதிய நெறியில் சேரவில்லை.

புகழும் புத்திர சோகமும்

1605இல் ஏழாயிரம் குதிரைவீரர்க்குரிய மன்சப் பதவி அவருக்குக் கிட்டியது. அரச குடும்பத்தார் அல்லாதார்க்கு அது பெறற்கரிய பெருமை. ஆயினும் அப்பெருமைக்கு முன்னரே விதி தன் பங்கை எடுத்துக்கொண்டது. 1597இல் மகன் துர்ஜன் சிங் வங்கத்துப் போரில் மாண்டார். அதே ஆண்டு ஹிம்மத் சிங் நோயுற்று இறந்தார். 1599இல் மூத்த மகன் ஜகத் சிங்கும் மறைந்தார். அந்த மகனின் நினைவாக, தாயார் கனகாவதி ஆம்பேரில் எழுப்பிய ஜகத் சிரோமணி திருமால் ஆலயம் இன்றும் நிற்கிறது.

அக்பருக்குப் பின் அரியணை ஏறிய ஜஹாங்கீரிடம் மான்சிங்கின் செல்வாக்குத் தேய்ந்தது. தங்கை மகனான இளவரசர் குஸ்ரூவை அவர் ஆதரித்ததே காரணம். 1614இல் ஆம்பேருக்கு வெகு தொலைவில், தக்காணத்து எலிச்பூரில், அவர் உயிர் நீத்தார்.

நிலைத்தது எது?

ஔரங்கசீப் காலத்தில் பிருந்தாவனக் கோயிலின் மேற்பகுதி இடிக்கப்பட்டது. அதற்குள் அடியார்கள் கோவிந்த தேவரைப் பாதுகாப்பாக வெளியே கொண்டு சென்றனர். 1727இல் ஜெய்ப்பூர் நகரை நிறுவிய சவாய் ஜெய்சிங், மான்சிங்கின் குலத்தவர். அவர் அப்பெருமானுக்குத் தம் அரண்மனை வளாகத்திலேயே இடம் அளித்தார். அங்கு இன்றும் நாள்தோறும் பக்தர்கள் திரள்கின்றனர்.

மான்சிங் வகித்த பதவிகளும் அவற்றை வழங்கிய பேரரசும் மறைந்தன. அவர் கொணர்ந்த அன்னைக்கோ ஆண்டுதோறும் நவராத்திரி நடக்கிறது. திருப்பணிக்குப் பொருள் வழங்கும் நம் ஆலயப் புரவலர்களும் இதனைச் சிந்தித்தல் வேண்டும். செல்வமும் செல்வாக்கும் உள்ளபோதே இறைபணிக்கு ஈந்தது மட்டுமே வழிவழியாக நிற்கும். அன்னை அனைவர்க்கும் அருள்வாளாக!