மெட்டில்லாக் கித்தார்

வீணையைக் கண்டவர்கள் அதன் தண்டியின்மேல் மெழுகில் பதிக்கப்பட்டிருக்கும் 24 மெட்டுகளையும் கண்டிருப்பார்கள். விரல் எங்கே அழுத்த வேண்டும் என்பதை அம்மெட்டுகளே காட்டிக் கொடுக்கின்றன. கோட்டு வாத்தியத்திலோ மெட்டு ஒன்றுகூடக் கிடையாது. அங்கே சுரத்தின் இருப்பிடத்தை வாசிப்பவரின் செவியே தேடிக் கண்டடைய வேண்டும். இதே வேறுபாடு மேலை நாட்டுக் கித்தாரிலும் உண்டு. பாட்டின் இசையமைப்பையும் நாம் மெட்டு என்றே வழங்குகிறோம். எனினும் இக்கட்டுரையில் அச்சொல், கருவியின் விரற்பலகையில் குறுக்கே பதிக்கப்படும் உலோகக் கம்பியை மட்டுமே குறிக்கும்.

நம் பங்கு ஆலயங்களின் பாடகர் குழுக்களில் இன்று பேஸ் கித்தார் பழகிய கருவியாகிவிட்டது. அதனை வாசிக்க விரும்பும் இளைஞர், கருவியைத் தாமே செய்யலாமா என்று கேட்கும்போது, பெற்றோர் பலர் தயங்குகின்றனர். பணம் வீணாகும், படிப்பு கெடும் என்று அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். ஆயினும், மெட்டில்லாத பேஸ் கித்தார் ஒன்றை இல்லத்திலேயே செய்து முடிப்பது எத்தகைய பயிற்சி என்பதைப் பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கே அமர்ந்து எண்ணிப் பார்ப்பது நன்று.

கருவி வந்த வழி

லியோ ஃபெண்டர் என்னும் அமெரிக்கர் 1951-ஆம் ஆண்டு விற்பனைக்குக் கொண்டுவந்த பேஸ் கித்தாருக்கு மெட்டுகள் இருந்தன. அவற்றைத் துணிந்து அகற்றியவர்களுள் முற்பட்டவர் இங்கிலாந்து நாட்டு பில் வைமன். பின்னாளில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் புகழ்பெற்ற இவர், 1961-இல் விலை மலிவான பழைய கருவி ஒன்றை வாங்கினார். தேய்ந்துபோன மெட்டுகளைக் களைந்துவிட்டுப் புதியன பதிப்பதே அவர் எண்ணம். களைந்தபின் எழுந்த ஒலி அவர் உள்ளத்தைக் கவர்ந்தமையால் அதனை அப்படியே விட்டுவிட்டார். தொழிற்சாலைகள் அவருக்குப் பின்னரே விழித்தன. ஆம்பெக் நிறுவனம் 1966-இலும், ஃபெண்டர் நிறுவனம் 1970-இலும் மெட்டில்லாக் கருவிகளை வெளியிட்டன. ஆகவே இக்கருவியின் கதை, வீட்டு மேசையின்மீது ஒருவர் தம் கையால் செய்த வேலையோடு நெருங்கிய உறவுடையது.

இக்கருவியை உலகறியச் செய்தவர் 1951-இல் பிறந்த ஜாக்கோ பாஸ்டோரியஸ். புளோரிடா மாநிலத்து வில்ட்டன் மேனர்ஸ் நகரின் புனித கிளமெண்ட் ஆலயத்தில் சிறுவயதில் பீடப் பணியாளராக விளங்கியவர் அவர். 1962-ஆம் ஆண்டுக் கித்தார் ஒன்றின் மெட்டுகளைத் தாமே பெயர்த்ததாகக் கூறிவந்தார். மெட்டுகள் இருந்த பள்ளங்களை மரப்பூச்சால் நிரப்பி, படகுகளுக்குப் பூசும் எப்பாக்சிப் பூச்சினை விரற்பலகையின்மேல் பலமுறை பூசினார். அக்கருவி 1976-இல் வெளிவந்த அவருடைய முதல் தனி இசைத்தட்டில் மனிதக் குரல்போல் பாடிற்று.

மரமும் அளவும்

கருவி செய்யப் புகுவோர் முதலில் தேட வேண்டியது நன்கு உலர்ந்த மரமாகும். ஈரம் வற்றாத மரம் எத்துணை அழகாக இழைக்கப்பட்டாலும் சில மாதங்களில் வளைந்துவிடும். உடற்பகுதிக்குப் பலா மிகப் பொருத்தம். தஞ்சாவூர் வீணை பிறப்பதும் அம்மரத்திலேதான். ஏறக்குறைய 40 மில்லிமீட்டர் கனம் போதுமானது. தண்டுக்குத் தேக்கின் மூன்று பட்டைகளை, ரேகைகள் ஒன்றுக்கொன்று எதிராக ஓடுமாறு ஒட்டிக்கொண்டால் முறுக்கம் ஏற்படாது. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. எனவே ஒட்டுவதற்குச் சற்று முன்பு ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைக்காவிடில் பசை பிடிக்காது. விரற்பலகைக்கு ஈட்டியோ கருங்காலியோ ஏற்றது. ஈட்டி மரத்தை வெட்டச் சட்டக் கட்டுப்பாடு உண்டாதலால், உரிமம் பெற்ற கடையில் வாங்குவதோ, உடைந்த பழைய அறைகலனின் பலகையைப் பயன்படுத்துவதோ முறையாகும்.

நான்கு தந்திகளும் சேர்ந்து தண்டினை ஏறக்குறைய 75 கிலோ விசையுடன் இழுக்கின்றன. வளர்ந்த மனிதர் ஒருவரின் எடை அது! அதனைத் தாங்குவதற்காக, விரற்பலகையை ஒட்டுமுன் தண்டில் நீளவாட்டில் பள்ளம் வெட்டி, இறுக்கித் தளர்த்தக்கூடிய எஃகுக் கம்பி ஒன்றைப் பதிக்க வேண்டும். கருவி முடிந்தபின் அக்கம்பி எவர் கண்ணுக்கும் தெரியாது. ஆயினும் அதனை விட்டுவிட்டவரின் கருவி வில்லாக வளைந்துபோகும்.

இழைப்புளி, உளி, கொட்டாப்புளி, அரம், உப்புத்தாள் ஆகியவையே இதற்கு வேண்டிய முதன்மைக் கருவிகள். அருகில் தச்சர் ஒருவர் இருப்பாரானால், அவரிடம் சில மாலைப் பொழுதுகள் பணிவோடு கற்றுக்கொள்வது எல்லா நூல்களினும் மேலானது.

சுரம் இருக்கும் இடம்

தலைப்பக்கத்து மேட்டுத்துண்டிலிருந்து தந்தியைத் தாங்கும் குதிரை வரையுள்ள நீளம் பெரும்பாலும் 34 அங்குலம், அதாவது 864 மில்லிமீட்டர். இந்நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் அரைச் சுரத்தின் இடம் கிடைக்கும், அது 48.5 மில்லிமீட்டர். எஞ்சிய நீளத்தை மீண்டும் அதே எண்ணால் வகுக்க அடுத்த சுரம் கிடைக்கும். இவ்வாறு பன்னிரண்டு முறை செய்தால், சரியாகப் பாதி நீளமாகிய 432 மில்லிமீட்டரில் மேல் ஸ்தாயியின் அதே சுரத்தை அடைவோம். கணக்குப் பாடத்தை வெறுக்கும் பிள்ளையும் இக்கணக்கை விரும்பிப் போடும்.

மெட்டுள்ள கித்தாரில் அடையாளப் புள்ளிகள் இரு மெட்டுகளுக்கு இடையே அமைகின்றன. மெட்டில்லாக் கருவியிலோ அவை சுரத்தின் இடத்திலேயே, பலகையின் ஓரத்தில் வாசிப்பவர் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி பதிக்கப்பட வேண்டும். தொடக்க நிலையினர் மெட்டு இருக்க வேண்டிய இடங்களில் மெல்லிய வெண்மரக் கீற்றுகளைப் பதித்துக் கோடுகளாக வைத்துக்கொள்வதும் உண்டு. கோடு சுரத்தின் அருகே விரலைக் கொண்டுசெல்லும்; சுரத்தைச் சேர்வது செவியின் வேலை. மேல் ஸ்தாயி தொடங்குமிடத்தில் ஓர் அரைச் சுரத்தின் அகலம் 24 மில்லிமீட்டரே. அங்கே ஒரு விரலகலம் பிசகினால் பாதிச் சுரத்துக்கு மேல் பிழையாகிவிடும்.

மெருகேற்றும் நாள்கள்

கருவிக்கு உருவம் வந்தவுடன் இளைஞருக்குத் தந்தி பூட்டும் ஆவல் எழுவது இயல்பு. உண்மையான வேலை அப்போதுதான் தொடங்குகிறது. மெட்டுள்ள கருவியில் தந்தி உலோகத்தைத் தொட்டு ஒலிக்கும். இங்கேயோ விரலின் மென்சதையிலிருந்து புறப்பட்டு, வழவழப்பான பலகையை மெல்ல உரசிக்கொண்டே பாடும். பலகையில் மேடோ பள்ளமோ இருந்தால் அவ்விடத்தில் ஒலி செத்துப்போகும் அல்லது கரகரக்கும்.

ஆதலால் எஃகு அளவுகோலைப் பலகையின்மேல் நிறுத்தி, பின்னால் விளக்கை வைத்துப் பார்க்க வேண்டும். ஒளி கசியும் இடமெல்லாம் சீர்செய்யப்பட வேண்டிய இடமாகும். உப்புத்தாளை விரல்களால் அழுத்தித் தேய்த்தல் கூடாது. நேரான மரக்கட்டையில் சுற்றி நீளவாட்டில் தேய்க்க வேண்டும். எப்பாக்சிப் பூச்சு விரும்புவோர், இரு கலவைகளையும் அளவு பிசகாமல் கலந்து மெல்லிய படலங்களாகப் பூசி, பல நாள்கள் இறுகவிட்டு, 220, 400, 600, 1000 என்னும் எண்களையுடைய தாள்களால் படிப்படியாகத் தேய்க்க வேண்டும். ஓர் எண்ணைத் தாண்டிச் சென்றவரின் அவசரத்தை மறுநாள் வெளிச்சத்தில் கீறல்கள் அறிவித்துவிடும். பூச்சு வேண்டாம் என்போர், வழவழப்பான பட்டைச் சுற்றுத் தந்திகளைப் பூட்டினால் மரம் எளிதில் தேயாது.

உடற்பகுதிக்கு அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப் பொதியால் பூசும் பிரெஞ்சு பாலிஷ் அழகூட்டும். மழைக்காலத்தில் இவ்வேலையைத் தொடங்குதல் ஆகாது. காற்றின் ஈரம் மெருகில் வெண்படலமாகப் படிந்துவிடும். பூச்சு வேலைகளைத் திறந்த வெளியில், கையுறையும் முகக்கவசமும் அணிந்து செய்ய வேண்டும். சிறு குழந்தைகளை அருகில் விடலாகாது. கருவியை இணைக்கும் ஒலிபெருக்கிக்கு முறையான நில இணைப்பு உண்டா என்பதை மின்பணியாளரைக் கொண்டு சரிபார்த்தல் கட்டாயமாகும்.

ஆலயத்தில் அதன் இடம்

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ஆம் ஆண்டு வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனத்தின் 120-ஆம் பிரிவு குழாய் ஆர்கனுக்குப் பெருமதிப்பு அளிக்கிறது. ஏனைய கருவிகளையும், அவை ஆலயத்தின் மாண்புக்கு ஏற்றவையாய், நம்பிக்கையாளரின் ஞான நன்மைக்கு உதவுபவையாய் இருக்குமானால், உரிய அதிகாரத்தின் இசைவோடு ஏற்றுக்கொள்ளலாம் என்கிறது. எனவே பங்குத்தந்தையின் ஒப்புதலைப் பெற்றபின்னரே கருவி பீடத்தின் அருகே வர வேண்டும்.

மெட்டில்லாக் கருவி இப்பணிக்குத் தனிப் பொருத்தம் உடையது. நம் தமிழிசையில் ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்குச் செல்லும் வழியே பேரழகு. மெட்டில்லாப் பலகையில் அவ்வழி தடையின்றி நழுவும். இறைமக்களின் குரல் சுருதியிலிருந்து தாழும்போது, உரக்க ஒலிக்காமல் அடியில் நின்று தாங்குவதே பேஸ் கருவியின் தொண்டு. தாங்குபவன் தன் சுருதியில் முதலில் நிற்க வேண்டும். அதற்காக வீட்டில் கைப்பேசியின் சுருதிச் செயலியைத் துணைகொண்டு பழகலாம். ஆலயத்தில் பிறர் குரலைக் கேட்டே வாசிக்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

மெட்டை அகற்றியதனால் சுரம் அகன்றுவிடவில்லை என்பதை இக்கருவி நாள்தோறும் உணர்த்துகிறது. பாதி நீளத்தில் இருந்த சுரம் இன்றும் அங்கேயே இருக்கிறது. அதனைக் காட்டிய உலோகம் மட்டும் இல்லை. பிள்ளைகளும் ஒருநாள் நம் கண்காணிப்பு என்னும் மெட்டுகள் இல்லாத ஊருக்குப் படிக்கவோ பிழைக்கவோ செல்வார்கள். இறைவனின் சட்டம் அன்றைக்கும் மாறாது. அதனை இதயத்தில் கேட்கும் செவி அவர்களுக்கு வாய்த்திருக்கிறதா என்பதே நம் கவலையாக இருத்தல் வேண்டும். அச்செவி ஒரே நாளில் வளர்வதன்று. கோடுகளின் துணையோடு தொடங்கி, பிழையைத் தானே கேட்டுத் திருத்தும் வரை பொறுமையோடு வளர்க்கப்பட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒப்பற்ற செவி படைத்த ஜாக்கோவின் இறுதி நாள்கள் துயரம் நிறைந்தவை. மனநோயும் மதுவும் அவரை அலைக்கழித்தன. இருக்க இடமின்றித் தெருக்களில் உறங்கினார். பீடப் பணி செய்த அதே நகரில், கேளிக்கை விடுதி ஒன்றின் வாயிலில் தாக்கப்பட்டு, 1987-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் 35-ஆம் வயதில் மறைந்தார். இதற்கு இசையைப் பழித்துப் பயனில்லை. நோயுற்றவனைத் தீர்ப்பிடவும் நமக்கு உரிமை இல்லை. தண்டுக்குள் மறைந்திருந்து இழுவிசையைத் தாங்கும் எஃகுக் கம்பியைப்போல, திறமை மிக்க பிள்ளைக்கும் இல்லத்தின் அன்பும், தக்க மருத்துவமும், பங்குச் சமூகத்தின் அரவணைப்பும் உள்ளே நின்று தாங்க வேண்டும் என்பதையே அவ்வாழ்வு நமக்குக் கற்பிக்கிறது.

நாசரேத்தூர்த் தச்சுப் பட்டறையில் புனித சூசையப்பரின் அருகே நின்று நம் ஆண்டவர் தொழில் பயின்றார். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955-இல் ஏற்படுத்திய தொழிலாளரான புனித சூசையப்பரின் விழா மே முதல் நாள் வருகிறது. கோடை விடுமுறையின் தொடக்கமும் வறண்ட காற்றின் காலமும் அதுவே. அன்று தந்தையும் பிள்ளையும் ஒரு பலகையை எடுத்து, இழைப்புளியைத் தீட்டி, செபத்தோடு வேலையைத் தொடங்கட்டும். ஒரு விடுமுறையில் முடியாவிட்டாலும் குற்றமில்லை, மரம் காத்திருக்கும்.