உண்ணி எடுத்தால் உறவு

கென்யாவின் அம்போசெலி சமவெளியில் மஞ்சள் பபூன் குரங்குகள் மேய்ச்சலுக்கு நடுவே ஓய்வெடுக்க உட்கார்ந்தால், அடுத்த வேலை ஒன்றுக்கொன்று ரோமத்தைக் கிளறிப் பார்ப்பதுதான். தேடுவது பெரும்பாலும் உண்ணியை. ஒரு கை ரோமத்தை வகிர்ந்து பிடிக்கும். மறு கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தோலில் ஒட்டியதைப் பிடுங்கும். பிடுங்கியது நேரே வாய்க்குப் போகும். பார்க்கப்படும் குரங்கும் சும்மா இருக்காது. தன் கைக்கு எட்டாத பிடரியை, முதுகைத் திருப்பித் திருப்பிக் காட்டும்.

பாசம் காட்டத்தான் இதெல்லாம், சுத்தம் ஒரு சாக்கு என்று சொல்கிறவர்கள் உண்டு. அது சரியில்லை. அம்போசெலி ஆய்வாளர்கள் மயக்க ஊசி போட்டுப் பிடித்த குரங்குகளின் உடலில் உண்ணிகளை எண்ணி, 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். மற்றவை அடிக்கடி பார்த்துவிட்ட குரங்குகளுக்கு உண்ணி குறைவு. உண்ணி குறைந்த உடம்பில் சிவப்பணுக்கள் அதிகம்.

ஆனால் சுத்தத்தோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. பெண் குரங்குகள் பிறந்த கூட்டத்திலேயே ஆயுள் முழுக்க இருப்பவை. தாய், மகள், அக்கா, தங்கை என்று ஒட்டிக்கொண்டே வாழும். அவற்றுக்குக் குட்டி என்றால் உயிர். யார் குட்டி போட்டாலும் தொட்டுப் பார்க்க ஆசை. தாய் சுலபத்தில் விடுமா? முதலில் தாய்க்கு உண்ணி பார்த்துவிட வேண்டும், பிறகுதான் குட்டியின் பக்கம் கை நீளும். தென்னாப்பிரிக்காவில் சக்மா பபூன்களைக் கவனித்த லூயிஸ் பாரெட், பீட்டர் ஹென்சி இருவரும் இதில் ஒரு சந்தைக் கணக்கையே கண்டார்கள்: கூட்டத்தில் குட்டிகள் குறைவாக இருக்கும் காலத்தில் தாய்க்கு அதிக நேரம் பார்த்துவிட வேண்டியிருக்கிறது. வரத்து குறைந்தால் விலை ஏறும்!

கணக்குக்கு அடங்காததும் உண்டு. போட்ஸ்வானாவின் மொரேமி காப்பகத்தில் சில்வியா என்றொரு பெண் குரங்கு. அந்தஸ்தில் உயர்ந்தது, கீழே உள்ளவற்றைக் கண்டுகொள்ளாதது. அதற்கு நெருக்கமான துணை மகள் சியரா. மகளைச் சிங்கம் கொன்றது. அப்படி உறவைப் பறிகொடுத்த பெண் குரங்குகளின் மலத்தைச் சோதித்தபோது மன அழுத்த ஹார்மோன் கூடியிருந்தது. அவை ஒடுங்கிக் கிடக்கவில்லை. முன்பைவிட அதிகம் பேருக்கு உண்ணி பார்க்கத் தொடங்கின. சில்வியாவும் அதுவரை ஏறிட்டும் பார்க்காத, அந்தஸ்தில் தாழ்ந்த குரங்குகளிடம் போய் உட்கார்ந்தது.

இப்படிச் சேர்க்கும் துணைக்குப் பலனும் உண்டு. அம்போசெலியில் 16 ஆண்டுக் குறிப்புகளை வைத்து 2003-இல் ஜோன் சில்க் குழுவினர் காட்டியது இது: மற்றவற்றோடு நன்றாகப் பழகும் தாயின் குட்டிகளே முதல் ஆண்டைத் தாண்டிப் பிழைப்பது அதிகம், அந்தத் தாய் அந்தஸ்து வரிசையில் எங்கிருந்தாலும்.